பார்கின்சன் நோயாளியைத் தனியாகக் கவனிப்பவர் யாரிடம், எப்படி உதவி கேட்பது?

கேள்வி: என் கணவருக்கு வயது 66; ஆறு ஆண்டுகளாகப் பார்கின்சன் நோய். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். முன்பு அடிக்கடி வந்த உறவினர்கள் இப்போது எட்டிப் பார்ப்பதில்லை. இரவிலும் பலமுறை எழ வேண்டியிருப்பதால் எனக்கு உடம்பு முடியவில்லை. யாரிடம் என்ன கேட்பது? – வாசகி, திருநெல்வேலி

பதில்: உறவினர்கள் மனமில்லாமல்தான் விலகினார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அம்மா. இந்நோய் முகத்தசைகளை இறுக்கிவிடுவதால், உள்ளுக்குள் மகிழ்ந்தாலும் அது முகத்தில் தெரிவதில்லை, குரலும் தணிந்துவிடுகிறது. நாம் வந்தது பிடிக்கவில்லை போலும் என்று எண்ணியே பலர் திரும்பிப் போகிறார்கள். இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது நடந்து பேசுகிறவர், அதன் வீரியம் குறைந்ததும் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவதைப் பார்த்து, வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்பவர்களும் உண்டு. இவை நோயின் இயல்பு என்பதை நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரங்களை ஒரு வாரம் குறித்துவைத்து, அந்த வேளையில் வரச் சொல்லுங்கள்.

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பவரிடம், "செவ்வாய் மாலை நான்கிலிருந்து ஆறு வரை அவரோடு இருங்கள், நான் வெளியே போய் வருகிறேன்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை என்பதே என் அனுபவம். வருபவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும்; நிமிர்ந்து உட்காரவைத்தே உணவு தர வேண்டும்; வாசற்படியருகே கால் உறைந்து, அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றால் கையைப் பிடித்து இழுக்காமல், தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொல்ல வேண்டும்.

இரவுத் தொல்லையை விதியென்று சகித்துக்கொள்ளாதீர்கள். எத்தனை முறை, எதற்காக எழுகிறார் என்று குறித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டினால், மருந்து நேரத்தை மாற்றியே பல வேளைகளில் குறைக்க முடியும். வாரத்தில் சில இரவுகளுக்கேனும் உதவியாளர் வைக்கும் செலவை மகன் ஏற்கட்டும். தொலைவில் இருப்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பார்கின்சன் நோயையும் மாற்றுத்திறன் வகைகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. அரசு மருத்துவமனையில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ பாதிப்பு எனச் சான்று கிடைத்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கடைசியாக, உங்களுக்கென்றும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்; உறவினர் வந்து அமரும் முதல் செவ்வாய்க்கிழமையை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். மனம் தளரும் இரவில் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.