வாசகர் கேள்விகள்: பிள்ளைகள் வழக்கில் சட்டம் சொல்லும் நாள் கணக்கு

விவாகரத்து வழக்கு ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கிற குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. மனைவி அவருடைய அம்மா வீட்டில் இருக்கிறார். என் 6 வயது மகளைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. எப்போது போனாலும் வாய்தாதான். கோபத்தில் மாதாமாதம் அனுப்பிய பணத்தையும் நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரிதானே?
– ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

சரியில்லை, தம்பி. முதலில் பணத்தை அனுப்புங்கள். கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினால் அதுவே உங்களுக்குச் சாட்சியாக இருக்கும். அம்மா அப்பா சண்டைக்காகப் பிள்ளையின் சாப்பாட்டிலும் ஸ்கூல் ஃபீஸிலும் கை வைத்த அப்பா என்று பெயர் வாங்கிக்கொண்டு, அதே நீதிமன்றத்தில் போய் ‘எனக்குப் பாசம் இருக்கிறது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்புறம் ஒரு கேள்வி. மகளைப் பார்ப்பதற்கென்று தனியாக மனு போட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டே இருந்தால் பிள்ளையைக் காட்டும் உத்தரவு தானாக வந்துவிடாது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கிறது என்றால் 26-ஆம் பிரிவில் இடைக்கால மனு, அதாவது வழக்கு முடிவதற்குள்ளேயே உத்தரவு கேட்கும் மனு, போடலாம். அதிலும் ‘பார்க்க அனுமதி வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி நிறுத்தாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்த இடத்தில், வாரத்தில் எத்தனை நாள் வீடியோ கால், பொங்கலுக்கு யாரிடம், தீபாவளிக்கு யாரிடம், முழு ஆண்டு லீவில் எத்தனை நாள் என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். தெளிவாகக் கேட்டால்தான் உத்தரவும் தெளிவாக வரும். மொட்டையாக வந்த உத்தரவை வைத்துக்கொண்டு வாசலில் நின்று சண்டை போட்டவர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே 26-ஆம் பிரிவு, பிள்ளையின் பராமரிப்பு, படிப்புச் செலவு பற்றிய இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது. பிள்ளையைப் பார்க்கக் கேட்கும் மனுவுக்கு அப்படி எந்த நாளையும் அது குறிக்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. 6 வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் என்பது எவ்வளவு நீளம்! அப்பாவின் முகமே மங்கிப் போகும். அதனால் ஒவ்வொரு வாய்தாவிலும் நீங்களே எழுந்து, ‘ஐயா, என் இடைக்கால மனுவை முதலில் எடுங்கள்’ என்று கேளுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் மட்டும்தான் பேசலாம் என்று இல்லை. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் பார்த்தால், வக்கீல் வைத்து வாதாடுவதைத்தான் அங்கே உரிமையாகக் கோர முடியாது.

நீதிபதி உங்கள் மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசவும் செய்யலாம். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் பார்க்கலாம் என்று 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமே சொல்கிறது. அதற்காகப் பிள்ளைக்கு எதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அது உங்களுக்கும் பொருந்தும், உங்கள் மனைவிக்கும் பொருந்தும்.

நான் கணவனை இழந்தவள், வீட்டு வேலை செய்கிறேன். என் 9 வயது மகன் ரயில் நிலையத்தில் தனியாக நின்றிருக்கிறான். அவனை அழைத்துப் போய்க் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு மாதமாக அலைகிறேன், ‘அடுத்த வாரம் வா’ என்கிறார்கள். ஏழை என்பதால் பிள்ளையைத் தர மாட்டார்களா?
– கண்ணகி நகர் வாசகி

அம்மா, ஏழை என்ற ஒரே காரணத்துக்காக யாரும் உங்கள் மகனை வைத்துக்கொள்ள முடியாது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம், இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. பெற்றவரிடம் திரும்பச் சேர்ப்பதுதான் முதல் நோக்கம்.

தனியாக நின்ற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்தக் குழுதான். அது உங்களைத் தண்டிக்க இல்லை, அவன் பாதுகாப்புக்கு. அதன்பின் வீட்டுச் சூழலை விசாரிக்கும் அறிக்கை 15 நாளில் முடிய வேண்டும். குழு முன் முதலில் கொண்டுவந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டதே, அதனால் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ‘விசாரணை அறிக்கை வந்துவிட்டதா, யார் எழுதினார்கள், என் வீட்டுக்கு எப்போது வந்தார்கள்?’ வாயால் கேட்காதீர்கள். மனுவாக எழுதி, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, மகனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, கணவரின் இறப்புச் சான்று எல்லாவற்றின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

பதில் வரவில்லையா? குழுவுக்கும் மேலே ஆள் இருக்கிறது. அதே சிறார் நீதிச் சட்டப்படி, குழுவின் செயல்பாடு பற்றிய குறையைக் கேட்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர்தான். ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுங்கள். குழுவின் உத்தரவே தவறு என்று நினைத்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; நாள் கடந்திருந்தால் தக்க காரணத்தைச் சொல்லிக் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழையுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவு கேட்டு விண்ணப்பியுங்கள். பிள்ளைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் கணவனை இழந்த தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை கிடைக்க வழி இருக்கிறது. ‘வளர்க்க வசதி இல்லை’ என்று யாராவது எழுதினால், அந்த விண்ணப்பமே உங்கள் பதில்.

இந்த நடைமுறைகளை மாற்ற நம் சட்டமன்றத்தால் முடியாதா? எல்லாமே டெல்லிதானா?
– கல்லூரி மாணவி, வேளச்சேரி

முடியும். திருமணம், விவாகரத்து, சிறார் எல்லாம் பொதுப் பட்டியலில் இருப்பவை; அதாவது மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடலாம். 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது நம் சட்டமன்றம்தானே. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். குடும்ப நீதிமன்றத்தில் இரு தரப்போடும் பேசும் ஆலோசகர்கள் (கவுன்சிலர்கள்) எத்தனை பேர் என்பதை உயர் நீதிமன்றத்தைக் கலந்து முடிவு செய்வது மாநில அரசு. நடைமுறை விதி எழுதும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. மேலே ஆட்டோ ஓட்டும் தம்பிக்குச் சொன்ன அந்த 60 நாளை, பிள்ளையைப் பார்க்கக் கேட்கும் மனுவுக்கும் வைக்க வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள். கல்லூரித் தோழிகளின் கையெழுத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.