காணிக்கைப் பையும் கணக்குப் புத்தகமும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தசமபாகக் கணக்கை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுப்பதைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எழுதுகிறவர்கள் மாதச் சம்பளமா, சொந்தத் தொழிலா, கடன் இருக்கிறதா என்ற மூன்றையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள். இவை தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா?

விளைச்சலின் முதல் பங்கைக் கர்த்தருக்குக் கொடுக்கும் ‘முதற்பலன்’ என்ற சொல்லை மதித்தால் மொத்தத்தில். வரி போக மீதியில் கணக்கிடுகிறவரை நான் குறை சொல்வதில்லை. ஒன்றைத் தீர்மானித்து அதில் நிலைத்திருங்கள். ஆனால் ‘பிடித்தம் போக’ என்று எழுதிய சகோதரர், வீட்டுக் கடன் தவணையையும் தம் சேமிப்பையும் பிடித்தத்தில் சேர்த்திருக்கிறார். தவணை உங்கள் செலவு, சேமிப்பு உங்கள் சொத்து. இரண்டும் உங்கள் வருமானத்திலிருந்துதான் போகின்றன.

சிறு கடை நடத்துகிறேன். அன்றாட விற்பனையில் பத்தில் ஒன்றை எடுத்து வைக்கிறேன். இப்போது சரக்கு வாங்கப் பணமில்லை. என் விசுவாசம் குறைவா?

விசுவாசம் குறையவில்லை சகோதரி, கணக்குதான் தவறு. நூறுக்கு விற்றதில் எண்பது கொள்முதல், பத்து வாடகையும் கூலியும் என்றால் உங்கள் வருமானம் பத்து, அதில் தசமபாகம் ஒன்று. நீங்கள் பத்தையும் கொடுத்து வந்திருக்கிறீர்கள். விற்பனைப் பணத்தில் பெரும்பகுதி சரக்குக் கொடுத்தவருக்குச் சேர வேண்டியது. அதைக் காணிக்கையாக்க உங்களுக்கு உரிமை இல்லை. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது ‘வரவுக்குத் தக்கதாக’ என்றுதான். மாதம் ஒருமுறை லாபத்தைக் கணக்கிட்டு அதில் எடுத்து வையுங்கள்.

புதிய ஏற்பாட்டில் தசமபாகம் கட்டளையே இல்லையே?

சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் அப்படி ஒரு கட்டளை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சரி, நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? இரண்டு பக்கக் கடிதத்தில் அது மட்டும் இல்லை. பழைய நியாயப்பிரமாணத்தில் ஆலயப் பணி செய்த லேவியருக்கு ஒரு பங்கு, பண்டிகைக்கு ஒரு பங்கு, மூன்றாம் வருஷத்தில் ஏழைகளுக்கு ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 23 சதவீதம் வரும் என்று கணக்கிடுவோர் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் இல்லாத மக்கெதோனியா சபையார், கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். பத்தில் ஒன்று கட்டாயமில்லை என்று வாதாடுகிறவர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வாதாடினால் மகிழ்ச்சியோடு கேட்பேன்.

சபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குக் கேட்டேன். ‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். நான் செய்தது பாவமா?

இல்லவே இல்லை. உங்களை உட்கார வைத்தவர்கள்தான் வேதத்தைத் திறந்து படிக்க வேண்டும். 105-ஆம் சங்கீதத்தில் அந்த வசனம், தேசம் தேசமாக அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்கிறது. காணிக்கைக் கணக்கைப் பூட்டி வைக்க அதில் இடமே இல்லை.

ஆசாரியரான எஸ்றா ஆலயத்துக்கான காணிக்கையோடு பாபிலோனிலிருந்து எருசலேமுக்குப் புறப்பட்டபோது 650 தாலந்து வெள்ளியையும் 100 தாலந்து பொன்னையும் ஆசாரியர் கையில் நிறுத்துக் கொடுத்தார். ஏறக்குறைய நான்கு மாதப் பயணம். போய்ச் சேர்ந்ததும் ஆலயத்தில் மறுபடியும் நிறுத்தார்கள், நிறையையெல்லாம் எழுதி வைத்தார்கள். அந்த ஆசாரியர்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவர்கள் என்று எஸ்றாவே சொன்னார். சொல்லிவிட்டும் நிறுத்தார்.

‘யோவாஸ் ராஜா காலத்தில் கணக்குக் கேட்கவில்லையே’ என்பார்கள். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தை முழுதும் படியுங்கள். பணம் ஆசாரியர் கையில் இருந்தவரை, ராஜாவின் 23-ஆம் வருஷம் வரைக்கும் ஆலயம் பழுதுபார்க்கப்படவில்லை. பிறகுதான் மூடியில் துளையிட்ட பெட்டி வந்தது. ராஜாவின் எழுத்தராகிய சம்பிரதியும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து பணத்தை எண்ணினார்கள். கணக்குக் கேட்கப்படாதவர்கள் அதற்குப் பின் வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தவர்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுலும் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரைக் கூடவே சேர்த்துக்கொண்டார், யாரும் குற்றப்படுத்த இடம் வரக்கூடாது என்பதற்காக.

நான் இளம் பொருளாளராக இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு மாலை காணிக்கைப் பையைத் தனியாக வீட்டுக்கு எடுத்துச் சென்று எண்ணினேன். அடுத்த வாரம் ஒருவர் தாம் போட்ட பெரிய தொகை பதிவில் இல்லை என்றார். அது பையில் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் சாட்சி ஒருவரும் இல்லை. அந்த அவமானம் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்: உறவினரல்லாத இரண்டு பேர், ஆலயத்தை விட்டு வெளியேறுமுன், சேர்ந்து எண்ணட்டும். மையால் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். தனிப்பட உறையில் வந்ததற்கெல்லாம் ரசீது கொடுக்கட்டும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து, வருஷம் ஒருமுறை தணிக்கை, அதைச் சபையார் முன் வாசித்தல். இது போதகரைச் சந்தேகிப்பதல்ல, அவர் பெயரைக் காப்பது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுந்து, மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

ஆறு மாதமாகத் தசமபாகம் கொடுக்கவில்லை. மகனுக்கு நோய் வந்தது. தசமபாகம் கொடாதவர்களுக்கு மல்கியா தீர்க்கதரிசி சொன்ன சாபமா?

இல்லை சகோதரி. மல்கியா அதை ஒரு ஜனம் முழுவதற்கும் சொன்னார். அந்தப் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் அதிகமாகக் கடிந்துகொள்ளப்படுகிறவர்கள், குருட்டு ஆட்டையும் ஊனமானதையும் பலியிட்ட ஆசாரியர்களே. கிறிஸ்து சாபத்திலிருந்து நம்மை மீட்டார் என்று கலாத்தியரில் வாசிக்கிறோம். யாராவது இப்படிச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருந்தால் அவருக்குக் காணிக்கை கொடுக்காதீர்கள். மகனின் மருத்துவத்தை முதலில் பாருங்கள்.

கட்டட நிதிக்குப் பெரிய தொகை தருவதாகப் பொருத்தனை செய்தேன். வேலை போய்விட்டது. கடன் வாங்கிச் செலுத்தலாமா?

கூடாது. எத்தனை முறை எழுதியிருக்கிறேன்: கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12. பொருளாளரிடம் நிலைமையைச் சொல்லி, முடிந்ததைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.

வயதான பெற்றோருக்கு அனுப்பும் பணத்தைத் தசமபாகத்தில் கழிக்கலாமா?

கழிக்க வேண்டாம், பெற்றோரைத் தாங்குவது தனிக்கடமை. ஆனால் இரண்டுக்கும் போதவில்லை என்றால் பெற்றோரைப் பட்டினி போட்டுவிட்டுக் காணிக்கை போடாதீர்கள். ‘கொர்பான்’, அதாவது ‘இது தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது’ என்று சொல்லித் தகப்பனையும் தாயையும் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார்.

வங்கியிலிருந்து மாதந்தோறும் தானாகவே சபைக் கணக்குக்குப் போகும்படி செய்யலாமா?

தாராளமாக. வருமானம் மாறும்போது தொகையையும் மாற்றுங்கள், ரசீது வாங்குங்கள்.

போதகரும் தசமபாகம் கொடுக்க வேண்டுமா?

ஆம். லேவியரும் தாங்கள் வாங்கிய தசமபாகத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்தார்கள். எண்ணாகமம் 18:26.