பதினொருவரில் பேசப்படாதவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் புகழ்பெற்ற முன்கள வீரர்களைப் பற்றிக் கடந்த இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த மலையக வாசகர்கள் பலர், அதே கழகத்தின் வரலாற்றில் தகுதிக்கேற்ற மதிப்பைப் பெறாமல் போனவர்கள் யார் என்று கேட்டு எழுதியுள்ளனர். இம்முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

ஐயா, பெஸ்ட், லோ, சார்ல்டன் ஆகிய மூவருக்கும் ஓல்ட் ட்ரஃபோர்ட் அரங்கின் வெளியே ஒன்றாகச் சிலை வைத்திருக்கிறார்கள். நான்காவதாக ஒருவருக்கு வைக்க வேண்டுமென்றால் யாரைச் சொல்வீர்கள்?
– வாசகர், ஹட்டன்

பில் ஃபோக்ஸைச் சொல்வேன். இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. இங்கிலாந்தின் சென் ஹெலன்ஸ் நகரில் 1932 இல் பிறந்த அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. யுனைடெட்டின் முதல் அணியில் இடம்பிடித்த பின்னரும் சுரங்க வேலையை விடாமல் சில காலம் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். பகலில் தோட்டத்து வேலையை முடித்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வரும் ஆட்டக்காரர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1952 முதல் 1969 வரை பின்களத்தில் நின்ற அவர் 688 ஆட்டங்களில் பங்கேற்றார். கழகத்தின் வரலாற்றில் இந்த எண்ணிக்கையைக் கடந்தவர்கள் ரயன் கிக்ஸ், பொபி சார்ல்டன், போல் ஸ்கோல்ஸ் ஆகிய மூவர் மட்டுமே. அணியை ஏற்றிவந்த விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளானபோது உயிர் தப்பிய ஃபோக்ஸ், பதின்மூன்று நாட்களின் பின்னர், 1958 பெப்ரவரி 19 ஆம் திகதி, ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணிக்கு எதிராக எஞ்சியவர்களையும் புதியவர்களையும் கொண்ட அணிக்குத் தலைமை தாங்கிக் களமிறங்கினார். அன்றைய ஆட்டத்துக்காக அச்சிடப்பட்ட கைநூலில் யுனைடெட் வீரர்களின் பெயர்களுக்குரிய இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. யார் ஆடுவார்கள் என்பது அச்சுக்குப் போகும்போது முடிவாகியிருக்கவில்லை. அந்த ஆட்டத்தை யுனைடெட் 3–0 என வென்றது.

பத்து ஆண்டுகளின் பின்னர், 1968 மே 15 ஆம் திகதி, ஐரோப்பியக் கிண்ண (இன்றைய சம்பியன்ஸ் லீக்) அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம் மட்ரிட் நகரில் நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் 1–0 என வென்றிருந்த யுனைடெட், இடைவேளையின்போது ரியல் மட்ரிட்டிடம் 3–1 எனப் பின்தங்கியிருந்தது. டேவிட் சட்லர் ஒரு கோலைப் போட்டு இரு ஆட்டங்களின் மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். அதன் பின்னர் வலது ஓரமாக ஊடுருவிய ஜோர்ஜ் பெஸ்ட் பின்னோக்கித் தள்ளிய பந்தை வலைக்குள் செலுத்தியவர், எவரும் எதிர்பாராத வகையில் பின்களத்திலிருந்து முன்னேறி வந்திருந்த 36 வயது ஃபோக்ஸ். யுனைடெட்டுக்காக அவர் தம் வாழ்நாளில் போட்ட கோல்கள் ஒன்பதே. அவற்றுள் இந்த ஒன்று கழகத்தை முதன்முறையாக ஐரோப்பிய இறுதிப் போட்டிக்குக் கொண்டு சென்றது. இருந்தும் 1968 என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர்கள் பெஸ்டும் சார்ல்டனும்தான். சிலையில் இருக்கும் மூவருள் டெனிஸ் லோ, முழங்கால் காயம் காரணமாக அந்த இறுதிப் போட்டியில் ஆடவே இல்லை. லோவின் பெருமையைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. 237 கோல்கள் போட்டவரின் பெருமை எவர் சொல்லியும் குறையாது. ஆயினும் அந்தக் கிண்ணத்துக்கு வழி திறந்தவரின் பெயர் அவர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

மியூனிக் விபத்தில் பிறரைக் காப்பாற்றிய கோல் காப்பாளரைப் பற்றி எங்கள் தாத்தா அடிக்கடி சொல்வார். அவர் உலகறிந்தவர்தானே? அவரை மதிக்கப்படாதவர் என்று சொல்ல முடியுமா?
– கல்லூரி மாணவி, மஸ்கெலியா

உங்கள் தாத்தா குறிப்பிடுபவர் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி கிரெக். 1958 பெப்ரவரி 6 ஆம் திகதி, பெல்கிரேடில் ஆடிவிட்டுத் திரும்பிய அணியின் விமானம் மியூனிக்கில் மூன்றாவது முறையாக மேலெழ முயன்றபோது விபத்துக்குள்ளாகி, எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் உயிரிழந்தனர். உடைந்த விமானத்திலிருந்து வெளியே வந்த கிரெக், அது எந்நேரமும் வெடிக்கலாம் என்ற நிலையிலும் திரும்ப உள்ளே சென்று ஒரு பெண் குழந்தையையும் அதன் கர்ப்பிணித் தாயையும் மீட்டார். பொபி சார்ல்டனையும் டெனிஸ் வயலட்டையும் அப்பால் இழுத்துச் சென்றார். இவை உலகம் அறிந்த செய்திகள்தாம்.

ஆனால் அந்த ஒரு மாலைப்பொழுதின் வீரம் அவரது ஆட்டத்திறனை முழுவதுமாக மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம். 1957 டிசம்பரில் டொன்காஸ்டர் ரோவர்ஸ் கழகத்திடமிருந்து யுனைடெட் அவரை 23,000 பவுணுக்கு வாங்கியது. அக்காலத்தில் உலகில் ஒரு கோல் காப்பாளருக்குக் கொடுக்கப்பட்ட மிக உயர்ந்த தொகை அது. விபத்து நடந்த அதே ஆண்டில் சுவீடனில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் சிறந்த கோல் காப்பாளராக அவரே தெரிவு செய்யப்பட்டார். கோல் கம்பங்களுக்கிடையே காத்து நிற்காமல் தண்ட எல்லை முழுவதையும் தமது ஆளுகைக்குள் வைத்திருந்தவர் அவர். அத்தகையவருக்கு யுனைடெட்டில் ஒரு வெற்றிப் பதக்கம்கூடக் கிடைக்கவில்லை. இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எப்.ஏ. கிண்ணத்தின் 1958 இறுதியில் அணி போல்டனிடம் தோற்றது. 1963 இல் அதே கிண்ணத்தை வென்றபோது தோள்பட்டைக் காயத்தால் அவரால் ஆட முடியவில்லை. தம்மை மாவீரர் என்று அழைப்பதை இறுதிவரை விரும்பாத அவர் 2020 பெப்ரவரியில் காலமானார். உங்கள் தாத்தாவிடம் விபத்தைப் பற்றி மட்டுமல்லாமல், கிரெக்கின் ஆட்டத்தைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

பின்களத்தில் ஆடுபவர்கள்தாம் எப்போதும் மறக்கப்படுகிறார்கள் என்று சொல்லலாமா?
– வாசகர், தலவாக்கலை

சொல்ல முடியாது. மேலே குறிப்பிட்ட டெனிஸ் வயலட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்செஸ்டர் நகரிலேயே பிறந்து, மியூனிக் விபத்தில் உயிர் தப்பி, மீண்டும் ஆட வந்த அவர், 1959–60 பருவத்தில் 36 லீக் ஆட்டங்களில் 32 கோல்களைப் போட்டார். ஒரே பருவத்தில் ஒரு யுனைடெட் வீரர் போட்ட லீக் கோல்களின் உச்சம் இன்றுவரை அதுவே. 2007–08 இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ 31 கோல்களுடன் அதற்கு மிக அருகில் வந்து நின்றார். மொத்தம் 293 ஆட்டங்களில் 179 கோல்கள் போட்ட இந்த மனிதருக்கு இங்கிலாந்து தேசிய அணியில் ஆடக் கிடைத்த வாய்ப்புகள் இரண்டே இரண்டு. அவருக்கு முந்திய தலைமுறையில் 211 கோல்களைப் போட்ட ஜக் ரோலியின் நிலையும் ஏறக்குறைய இதுதான். ரூனி, சார்ல்டன், லோ ஆகியோருக்கு அடுத்தபடியாக நிற்கும் அவரது பெயர் நம்மவர் பேச்சில் வருவதே இல்லை. தொலைக்காட்சி வீடுகளுக்குப் பரவலாக வருவதற்கு முன்னர் ஆடியவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போல் ஸ்கோல்ஸ்?
– வாசகர், நுவரெலியா

அவரை அறியாதவர் இல்லை. எதிரணியினரும் கொண்டாடியவர் அவர். அதே மத்திய களத்தில் ஒருவரைத் தேடுவீர்களானால் மைக்கல் கரிக்கைப் பாருங்கள். 2006 இல் டொட்டன்ஹாமிலிருந்து வந்து, ரோய் கீன் அணிந்த 16 ஆம் இலக்கச் சட்டையைப் பெற்றுக்கொண்டு, ஐந்து பிரீமியர் லீக் பட்டங்களை வென்ற அவரைப் பாராட்ட வேண்டியவர்கள் பலர் மிகத் தாமதமாகவே பாராட்டினர்.

எங்கள் தோட்டப் பாடசாலையில் உதைபந்தாட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அனைவரும் முன்களத்தில் ஆடவே கேட்கிறார்கள். பின்களத்தில் நிற்கச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அவர்களுக்கு யாருடைய கதையைச் சொல்லலாம்?
– ஆசிரியை, பொகவந்தலாவை

டெனிஸ் அர்வினின் கதையைச் சொல்லுங்கள், ஆசிரியை அவர்களே. அயர்லாந்தின் கோர்க் நகரைச் சேர்ந்த அவரை 1990 இல் ஓல்டம் கழகத்திடமிருந்து 6,25,000 பவுணுக்கு யுனைடெட் வாங்கியது. வலது காலால் உதைக்கும் பழக்கமுடையவராயினும், அணிக்குத் தேவையாக இருந்ததால் ஆண்டுக்கணக்கில் இடது பின்களத்தில் ஆடினார். தேவைப்பட்ட நாட்களில் வலப்புறமும் சென்று ஆடினார். பின்கள வீரராக இருந்துகொண்டே தண்ட உதைகளையும் எல்லைக்கு வெளியிலிருந்து எடுக்கப்படும் நேரடி உதைகளையும் எடுத்து 33 கோல்கள் போட்டார். 529 ஆட்டங்கள், ஏழு பிரீமியர் லீக் பட்டங்கள், ஒரு சம்பியன்ஸ் லீக் கிண்ணம் என 2002 வரை அவர் சேர்த்தவற்றைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லலாம்.

அவருக்கு நேர்ந்த ஒரு கசப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். 1999 மே மாதம் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில் தண்ட உதையை எடுத்துக் கோல் போட்ட அவர், நடுவரின் ஊதல் ஒலித்த பின்னர் பந்தை உதைத்ததற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். அதனால் எப்.ஏ. கிண்ண இறுதியை இழந்தார். மிகக் கடுமையான தீர்ப்பு என்றே நான் இன்றும் கருதுகிறேன். ஆயினும் சில நாட்களின் பின்னர் பார்சிலோனா நகரில் பயர்ன் மியூனிக்கை வென்ற சம்பியன்ஸ் லீக் இறுதியில் இடது பின்களத்தில் தமது வழக்கமான இடத்தில் நின்றார்.

இன்னொருவர் டப்ளின் நகரத்து டொனி டன். 1960 முதல் 1973 வரை 535 ஆட்டங்களில் ஆடி இரண்டே கோல்கள் போட்ட அவர், 1968 ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியின் இடது பின்கள வீரர். அவரது வேகத்தை நம்பியே முன்னால் நின்றவர்கள் துணிந்து முன்னேறினர். முன்களத்தில் ஓடும் பிள்ளையிடம், உனக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று பார் என்றும் சொல்லிக்கொடுங்கள். இரு பக்கமும் கற்க வேண்டிய பாடம் அது.

1990 இல் மார்க் றொபின்ஸ் போட்ட கோல்தான் யுனைடெட்டின் முகாமையாளர் அலெக்ஸ் ஃபெர்கசனின் வேலையைக் காப்பாற்றியது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பண்டாரவளை

1990 ஜனவரி 7 ஆம் திகதி நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் அணிக்கு எதிரான எப்.ஏ. கிண்ண மூன்றாம் சுற்று ஆட்டத்தில் றொபின்ஸ் போட்ட ஒரே கோலால் யுனைடெட் வென்றது. ஃபெர்கசனை நீக்கும் எண்ணம் தங்களுக்கு இருக்கவில்லை என்று கழகத்தின் அன்றைய தலைவர் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். எனவே அந்தக் கதையை முழுவதும் நம்ப வேண்டியதில்லை. எனது முறைப்பாடு வேறு. அந்தக் கிண்ணத்தின் இறுதிப் போட்டி கிரிஸ்டல் பேலஸுடன் 3–3 எனச் சமநிலையில் முடிய, மே 17 ஆம் திகதி மீண்டும் நடந்த ஆட்டத்தில் 1–0 என யுனைடெட் வென்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் லீ மார்டின் என்னும் இளம் இடது பின்கள வீரர். ஃபெர்கசன் யுனைடெட்டில் வென்ற முதல் கிண்ணம் அது. அதற்குப் பிறகு வந்த கிண்ணங்களை எண்ணிச் சொல்பவர்களில் எத்தனை பேர் மார்டினின் பெயரைச் சொல்கிறார்கள்? யுனைடெட்டுக்காக அவர் போட்ட மொத்தக் கோல்கள் இரண்டுதான். காயங்கள் அவரை நெடுநாள் ஆடவிடவில்லை.

ஒருவர் உரிய மதிப்பைப் பெறவில்லை என்று எதைக் கொண்டு தீர்மானிக்கிறீர்கள்? பார்க் ஜி சுங்கை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்?
– வாசகர், பதுளை

கோல்களையோ பட்டங்களையோ முதலில் எண்ணுவதில்லை. அவர் இருந்த நாளில் எதிரணியால் எதைச் செய்ய முடியாமல் போனது, அவர் இல்லாத நாளில் தம் அணி எதை இழந்தது என்ற இரண்டையும் பார்க்கிறேன்.

தென் கொரியாவின் பார்க் ஜி சுங் 2005 இல் நெதர்லாந்தின் பி.எஸ்.வி. கழகத்திலிருந்து வந்து ஏழு பருவங்களில் 205 ஆட்டங்கள் ஆடினார். 2010 சம்பியன்ஸ் லீக்கில் இத்தாலியின் ஏ.சி. மிலானுக்கு எதிராக அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, அந்த அணியின் ஆட்டத்தை நெய்பவராகிய அன்ட்ரியா பிர்லோவை நிழல்போலத் தொடர்வது. இரு ஆட்டங்களிலும் பிர்லோ முடக்கப்பட, யுனைடெட் 7–2 என்ற மொத்தக் கணக்கில் வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் பார்க் ஒரு கோலும் போட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், அதே தொடரின் 2008 அரையிறுதியில், பார்சிலோனா இரு ஆட்டங்களிலும் ஒரு கோலும் போட முடியாதபடி தடுத்த உழைப்பில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. ஆனால் மொஸ்கோவில் நடந்த இறுதிப் போட்டிக்கான அணியில் மாற்று வீரர்களுள் ஒருவராகக்கூட அவர் பெயர் இடம்பெறவில்லை. அந்த முடிவுக்காக ஃபெர்கசனே பின்னர் வருந்தினார். செல்சியைத் தண்ட உதைகளில் வென்றதால் அன்று எவரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ரோமில் நடந்த இறுதியில் பார்க் முதல் பதினொருவரில் ஆடி, ஐரோப்பியக் கிண்ண இறுதியில் ஆடிய முதல் ஆசியர் ஆனார். ஆகவே அவரைப் பேசப்படாதவர்களின் பக்கத்திலேயே சேர்க்கிறேன். ஆசியாவில் அவருக்குக் கிடைத்த புகழும் பெரும்பாலும் அவர் எங்கிருந்து வந்தார் என்பதற்காகக் கிடைத்தது, எப்படி ஆடினார் என்பதற்காக அன்று.

இல்லாத நாளின் இழப்புக்கு அதே ரோம் இறுதியே சான்று. அரையிறுதியில் ஆர்சனலை வென்றுகொண்டிருந்தபோது டரன் ஃப்ளெச்சர் சிவப்பு அட்டை பெற்றதால் இறுதியில் ஆட முடியவில்லை. எதிராளி பந்தைப் பெற்ற நொடியிலேயே அவரை நெருக்கும் ஃப்ளெச்சர் இல்லாத மத்திய களத்தில் பார்சிலோனாவின் ஷாவியும் இனியெஸ்டாவும் விரும்பியபடி பந்தைப் பரிமாற, அந்த அணி 2–0 என வென்றது. ஃப்ளெச்சர் ஆடியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இருவருக்கும் அவ்வளவு இடம் கிடைத்திருக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை.