மேக்புக் ஏர் வாங்கலாமா? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பன்னிரண்டு வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். மேக்புக் ஏர் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அண்ணா. எடை குறைவு என்பதால் ஏர் மேல் ஆசை. எடுக்கலாமா? (மாணவி, கோவை)

வேண்டாம்மா. எம்2 (எம்1, எம்2 என்பவை ஆப்பிள் சிப்பின் தலைமுறைகள்) 13 இன்ச் ஏர் 1.24 கிலோதான், நாள் முழுக்கத் தோளில் கிடந்தாலும் கனக்காது. ஆனால் உங்கள் படிப்புக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருள் வேண்டியிருக்கும், அதற்கு மேக் பதிப்பே கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் தயங்காமல் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது 8 ஜிபி வாங்கிவிட்டு, பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாமா சார்?

முடியாது. இதை வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு என் மேஜை முன் உட்கார்ந்து வருத்தப்பட்டவர்கள் நிறைய. எம்2 ஏரின் அடிமூடியில் நான்கு திருகுதான். கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் பேட்டரி, மேலே ஒடுக்கமாக ஒரு போர்டு. ரேம், பிராசஸர் சிப்போடு ஒன்றாகவே இருக்கிறது. ஸ்டோரேஜும் போர்டில் பற்றவைத்ததுதான். 11.3 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொடுக்கும் விலை இது. வாங்குகிற அன்று எதை எடுக்கிறீர்களோ, கடைசி வரை அதுதான்.

2024 அக்டோபரில் ஆப்பிளே ஏரின் குறைந்தபட்ச ரேமை 16 ஜிபி ஆக்கிவிட்டது. பழைய 8 ஜிபி ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தந்தாலும் எடுக்காதீர்கள். இன்னொன்று: 256 ஜிபி எம்2-வில் ஸ்டோரேஜுக்கு ஒரே சிப் வைத்தார்கள், அதற்கு முந்தைய எம்1-ஐ விட வேகம் குறைந்தது. கையில் இருப்பது அளவான பணம் என்றால் ரேமுக்குப் போடுங்கள். படம், வீடியோவை வெளியே ஒரு எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஃபேன் இல்லையாமே, தாங்குமா?

சின்னச் சின்ன கிளிப் என்றால் பறக்கும். மூன்று மணி நேர 4கே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால், சூடு ஏற ஏற சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதம், ஏசி இல்லாத அறை என்றால் சீக்கிரமே குறையும். உங்களுக்கு ஃபேன் உள்ள மேக்புக் புரோதான் சரி. குரல் பதிவு செய்கிறவர்களுக்கோ இந்த நிசப்தம் பெரிய வரம்.

இரண்டு மானிட்டர் போடலாமா?

எம்1, எம்2-வில் ஒன்றுதான். எம்3-யில் மூடியை மூடிவைத்தால் இரண்டு. எம்4-இல் திறந்தே வைத்துக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக ஏதாவது வேண்டுமா தம்பி?

ஒன்றும் வேண்டாம் ஐயா. தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் சேர்த்தால் போதும். முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் அதிலேயே உண்டு.

கேமராவுக்கு மூடி ஒட்டலாமா?

தயவுசெய்து ஒட்டாதீர்கள். போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் கொண்டுவந்தாள். நகக்கண் அளவு பிளாஸ்டிக் மூடி. அதோடு மூடியதில் கேமராவுக்குக் கீழிருந்து மெல்லிய கோடு ஒன்று குறுக்காக ஓடியிருந்தது. திரையைத் தனியாக மாற்ற வழியில்லை, மேல்பாகம் முழுதும் மாற்ற வேண்டும். செலவைச் சொன்னதும் அந்தப் பிள்ளை கண் கலங்கிவிட்டது. மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் இடையே இடமே இருக்காது, 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான எதையும் வைத்து மூடாதீர்கள் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.

பழைய எம்1 ஒன்று வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பேட்டரி சைக்கிள், அதாவது முழு சார்ஜ் அளவு எத்தனை முறை செலவாகியிருக்கிறது என்ற எண்ணிக்கை. சிஸ்டம் ரிப்போர்ட்டில் 'பவர்' பகுதியில் இருக்கும்; ஆப்பிள் கணக்கில் பேட்டரியின் வரம்பு 1000. 700 தாண்டியிருந்தால் பேட்டரி செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு, விற்பவரை உங்கள் எதிரிலேயே ஐகிளவுடிலிருந்து (அவருடைய ஆப்பிள் கணக்கு) வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொல்லுங்கள். 'வீட்டுக்குப் போய் செய்துவிடுகிறேன்' என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.