மதில் சுவர் இருந்தால் போதுமா, மனையை அளக்க வேண்டுமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு பழைய தனி வீட்டை விலை பேசியிருக்கிறோம். பத்திரப்படி 40க்கு 60, ஒரு கிரவுண்டு. நான்கு பக்கமும் மதில் இருக்கிறது. கடன் தரும் வங்கியும் மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. தனியாக சர்வேயர் வைத்து அளக்க வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக அளந்துவிடுங்கள், அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே. கொடுக்கும் கடனுக்குச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பதுதான் வங்கி மதிப்பீட்டாளரின் வேலை. எல்லைக்கல்லைத் தேடிப் பார்ப்பது அவர் பொறுப்பல்ல. எல்லை சரியா என்பது வில்லங்கச் சான்றிதழிலும் தெரியாது.

பத்திரத்தின் செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி என்று நான்கு பக்க அளவுதான் இருக்கும். டேப் பிடித்தால் நான்கும் சரியாகவே வரலாம். மூலைக்கு மூலையும் பிடித்துப் பாருங்கள். மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் 72 அடி 1 அங்குலம் வரும். ஒன்று 76, இன்னொன்று 68 என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. பரப்பில் குறைவது 17 சதுர அடிதான், ஆனால் பின்பக்கம் 7 அடிக்கு மேல் ஒரு பக்கமாகத் தள்ளிப்போயிருக்கும். அந்த 7 அடி யாருடையது என்பதில்தான் வழக்கே வரும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். சர்வேயர் தேவைப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில். அரசு நில அளவை வரைபடமான புல வரைபடத்தை (எஃப்எம்பி) கையில் வைத்துக்கொண்டு சர்வே கல்லிலிருந்து அளந்து வரச் சொல்லுங்கள். மதிலிலிருந்து தொடங்கினால் மதிலின் தப்பும் சேர்ந்தே வரும். சர்வே எண்ணில் தனி உட்பிரிவு ஆகாத மனை அந்த வரைபடத்தில் தனியாகத் தெரியாது. அப்போது அங்கீகாரம் பெற்ற லே-அவுட் வரைபடமும் வேண்டும். பட்டாவில் பரப்பு மெட்ரிக் அளவில் இருக்கும். உங்கள் 2,400 சதுர அடி சுமார் 223 சதுர மீட்டர்.

தனியார் சர்வேயர் அளந்தது உங்கள் தெளிவுக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரரை அது கட்டுப்படுத்தாது. வித்தியாசம் வந்தால், பட்டாதாரர் என்ற முறையில் விற்பவரையே அத்து (எல்லை) காட்டச் சொல்லி வருவாய்த் துறைக்கு மனு கொடுக்கச் சொல்லுங்கள். அரசு சர்வேயர் வரும் நாளில் அக்கம்பக்கத்தாரும் இருப்பது நல்லது.

அப்புறம், அக்ரிமெண்டில் "அளவில் உள்ளபடி சதுர அடிக்கு இன்ன விலை" என்று எழுதிக்கொள்ளுங்கள். அளக்கவே விடமாட்டேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.