பாதி விலையில் மாடவீதி வீடு: அடிமனை யாருடையது?

கேள்வி: மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீடு, பக்கத்து வீட்டு விலையில் பாதிக்கு வருகிறது. அடிமனை கோயிலுடையது, கட்டடத்துக்கு மட்டும் பத்திரம் போடலாம் என்கிறார்கள். மனையைப் பிறகு கோயிலிடமே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் தரகர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் வீட்டு விலை என்பது மனையின் விலைதான். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய பாணி மேல்தளம், தேக்குத் தூண் எல்லாம் பார்க்க அழகு. விலை பேசும்போது அவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை; வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத்தான் வாங்குகிறார்கள். சொந்தப் பட்டா உள்ள அரை கிரவுண்டுக்குப் போட்டி இருப்பது அதனால்தான். உங்களிடம் அந்த மனையை நீக்கிவிட்டு, மிச்சத்துக்குப் பாதி விலை கேட்கிறார்கள். இதில் மலிவு எங்கே இருக்கிறது?

'பிறகு வாங்கலாம்' கதைக்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1921-ஆம் ஆண்டு சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டப்படி, மனையை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவர் அந்த மனையை விலைக்குத் தரச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாம். கோயில் மனைகளுக்கு 1996-இல் வந்த திருத்தத்தோடு அது முடிந்துபோயிற்று. நம் தரகர்கள் இன்னும் 1995-இலேயே நிற்கிறார்கள்! இன்று கோயில் சொத்தை விற்க அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டும். கோயிலுக்கு அவசியம் அல்லது நன்மை என்பதுதான் காரணமாக இருக்க முடியும், உங்கள் வசதி அல்ல.

வாடகை சில நூறு ரூபாய்தான் என்றும் சொல்லியிருப்பார்களே? மனையின் மதிப்பை வைத்து நியாய வாடகை நிர்ணயித்து, 3 ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்தச் சட்டம் இருக்கிறது. பழைய தேதியிட்டு உயர்த்தி, நிலுவையைக் கேட்டு நோட்டீஸ் வந்தால், விற்றவர் அந்த ஊரிலேயே இருக்கமாட்டார். கோயில் உங்களை வாடகைதாரராக ஏற்காவிட்டால், அறநிலையத்துறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி ஆக்கிரமிப்பாளர் என்று வெளியேற்ற நடவடிக்கை எடுக்கலாம். "பத்திரம் பதிவாகிவிட்டதே" என்று அப்போது சொல்லிப் பயனில்லை. பதிவு வேறு, உரிமை வேறு. பவர் பத்திரம், அதாவது இன்னொருவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், என்று தரகர் ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விலக்கைச் சொல்லவேண்டும், ஏனென்றால் தரகர்கள் இதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். கோயில் வாடகைதாரர் இறந்துபோனால், வாரிசு தன் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அம்மா பெயரில் இருந்த ரசீது மகன் பெயருக்கு வருவது அப்படித்தான். அந்த ரசீதை நீட்டி, "பாருங்கள், பெயர் மாறுகிறது" என்பார்கள். மாறியது வாரிசுக்கு. காசு கொடுத்து வாங்கும் நீங்கள் வாரிசு அல்ல. பெயர் மாறினாலும் அவர் வாடகைதாரர்தான், உரிமையாளர் அல்ல.

டவுன் சர்வே பதிவேட்டு நகல் எடுத்து, மனை யார் பெயரில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண், புது கதவு எண், பழைய சர்வே எண், டவுன் சர்வே எண் என்று நான்கு எண்கள். எது எதோடு பொருந்தும் என்று ஒரே பக்கத்தில் காட்ட நம் அலுவலகங்களுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்பதால் மனை விற்பவருடையது ஆகிவிடாது. பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும்.

அதற்குப் பிறகும் ஆசை விடவில்லையென்றால், உங்களைப் புதிய வாடகைதாரராக ஏற்பதாகக் கோயில் செயல் அலுவலரின் எழுத்துபூர்வமான உத்தரவைத் தரகரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.