கேள்வி-பதில்: புதுப்பித்த குளியலறை ஜன்னலுக்கு எதைப் போடுவது?

கேள்வி: குளியலறையை இடித்துப் புதுப்பித்து முடித்துவிட்டோம். டைல்ஸ், குழாய்கள், கண்ணாடித் தடுப்பு எல்லாம் பொருத்தியாகிவிட்டன. ஜன்னல் மட்டும் மொட்டையாக நிற்கிறது. ஷவருக்குப் பக்கத்துச் சுவரில், நின்றால் மார்பளவு உயரத்தில் தொடங்கும் ஜன்னல் அது. எதிர்வீட்டு மாடியில் நிற்பவருக்கு உள்ளே தெரியும். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டினால் போதும் என்கிறார் கணவர். துணித்திரை போட்டால்தான் லட்சணம் என்கிறார் மாமியார். கடைக்காரரோ மெல்லிய மரப் பட்டைகளைக் கிடையாகக் கோத்த வெனிஷியன் பிளைண்டைக் காட்டி, இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: நான் உங்கள் கணவர் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அவர் எந்த ஃபிலிமை மனத்தில் வைத்திருக்கிறார் என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏனென்றால் கடையில் ஃபிலிம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன.

ஒன்று, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒருவழிப் படலம். வெளியே இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும், உள்ளே இருப்பவருக்கு வெளியே எல்லாம் தெரியும் என்று சொல்லி இதை விற்பார்கள். பகலில் அது உண்மை. எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது கண்ணாடியாகவும், இருண்ட பக்கத்தில் நிற்பவருக்கு வெறும் ஜன்னலாகவும் இருக்கும். இரவில் குளியலறை விளக்கைப் போட்டவுடன் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டில் ஒட்டிய முதல் வாரம், அந்திப் பொழுதில் வாசலுக்கு வந்து தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோது, அலமாரியில் இருந்த பல்துலக்கிகளின் நிறங்களைக்கூடத் தெருவிலிருந்தே எண்ண முடிந்தது. மறுநாளே உரித்து எறிந்தேன்.

மற்றொன்று, ஃப்ராஸ்டட் எனப்படும் பால்வெள்ளைப் படலம். இது ஒளியைச் சிதறடிப்பதால் பகல், இரவு இரண்டிலும் உருவத்தைக் கலைத்துவிடும். வெளிச்சமும் பெரிதாகக் குறையாது. உங்களுக்கு ஏற்றது இதுதான். ஆனாலும் இதிலும் ஒரு குறை உண்டு. கண்ணாடியிலிருந்து நான்கடி தள்ளி நிற்பவர் மங்கலான நிறத்திட்டாகத் தெரிவார். கண்ணாடியை ஒட்டி நிற்பவரின் உடல்வடிவம் நிழலாக நன்றாகவே தெரியும். உங்கள் ஷவர் ஜன்னலை ஒட்டியே இருப்பதால் இதைச் சோதிக்காமல் விடாதீர்கள். இரவில் விளக்கைப் போட்டு, ஜன்னலில் ஒரு டிரேசிங் தாளைத் தற்காலிகமாக ஒட்டி, வீட்டில் ஒருவரை ஷவருக்கடியில் உடையோடு நிற்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். நிழல் தெளிவாக விழுந்தால், குறை பெரும்பாலும் விளக்கு இருக்கும் இடத்தில்தான் இருக்கும். விளக்கு உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் நிழல் ஜன்னலில் விழும். ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவே மேலே இருந்தால் நிழல் அறைக்குள் விழும். எலக்ட்ரீஷியன் இன்னும் வந்துபோகிறார் என்றால் இப்போதே அதை மாற்றச் சொல்லிவிடுங்கள். ஷவருக்கு அருகில் வரும் விளக்கு நீர்த்தாரையைத் தாங்கும் ஐ.பி. 65 தரத்தில் இருக்கட்டும். தெறிப்பை மட்டும் தாங்கும் ஐ.பி. 44 தர விளக்குகளைச் சற்றுத் தள்ளியுள்ள இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலிமை ஒட்டுமுன், டைல்ஸ் இடுக்கில் பூசிய கிரௌட்டின் தூசி முழுவதும் அடங்கி, ஜன்னலை இரண்டு முறையாவது கழுவித் துடைத்திருக்க வேண்டும். கடுகளவு தூசி உள்ளே மாட்டினாலும் அந்த இடம் கொப்புளமாகத் தங்கிவிடும். சோப்பு கலந்த நீரைக் கண்ணாடியில் தாராளமாகத் தெளித்து, படலத்தை வழுக்கவிட்டு நிலைக்குக் கொண்டுவந்து, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீரைத் தள்ள வேண்டும். ஓரங்களில் சட்டத்தை முட்டாமல் 2 மி.மீ. அளவுக்கு இடைவெளி விட்டால்தான் தள்ளிய நீர் வெளியேறும், ஓரமும் பின்னால் உரியாது. புடைப்பு வேலைப்பாடுள்ள கண்ணாடியில் அந்தப் பக்கத்தில் இது ஒட்டாது.

இனி கடைக்காரரின் மரப்பட்டைக்கு வருவோம். அசல் மரமாக இருந்தால் நீராவியில் வளைந்துவிடும், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வெட்டியதாக இருந்தால் ஓரங்கள் ஊறி உப்பிவிடும். மரத்தோற்றத்தின் மேல் ஆசை இருந்தால் பி.வி.சி. பட்டைகளில் அதே தோற்றம் கிடைக்கிறது. கனம் சற்றுக் கூடுதல் என்பதால் அகலமான ஜன்னலில் நடுவில் தொய்யும். அலுமினியப் பட்டை உளுக்காது, ஊறாது. ஆனால் ஷவரை ஒட்டித் தொங்கவிட்டால், ஒவ்வொரு பட்டையின் மேலும் சோப்பு நீர் காய்ந்து வெள்ளைப் படிவமாகும், பட்டைகளைக் கோத்திருக்கும் நூல்களும் அழுக்கேறும். அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைக்கப்போகிறவர் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

துணி என்றால் பருத்தி, லினன் இரண்டும் வேண்டாம். பாலியஸ்டர் விரைவில் உலரும். பூஞ்சை முதலில் பிடிப்பது துணியின் நடுப்பகுதியை அல்ல, மூன்று மடிப்பாக மடித்துத் தைத்த கீழ்க்கரையைத்தான். குளித்து இரண்டு மணி நேரம் கழித்து அந்தக் கரையை இரு விரலால் அழுத்திப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்திருக்கும், அங்கே மட்டும் ஈரம் விரலில் ஒட்டும். ஜன்னல் தண்ணீர் தெறிக்காத சுவரில் இருந்தால் மாமியார் விருப்பத்துக்கு குழாயில் சுருட்டி ஏற்றும் ஒரு பாலியஸ்டர் ரோலர் பிளைண்டை நானே பரிந்துரைத்திருப்பேன். உங்கள் ஜன்னலுக்குத் துணி ஆகாது. அவர் விரும்பும் பூவேலையை டவல்களிலும் கால்மிதியிலும் கொண்டுவந்துவிடலாம். அவற்றை எடுத்து வெயிலில் போட முடியும்.

ஃபிலிம் ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் மறைவு போய்விடும் என்பதால், குளிக்கும்போது மூடியே வைப்பீர்கள். ஆகவே நீராவி வெளியேற எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியமாகிறது. குளித்து முடித்த பின்னும் அது 15 முதல் 20 நிமிடம் ஓட வேண்டும். கதவின் அடியில் 1 செ.மீ. அளவாவது சந்து இல்லாவிட்டால், ஃபேன் சத்தம் மட்டும் போடும். இழுப்பதற்குக் காற்று இருக்காது.

கேள்வி: குளியலறை ஜன்னல் பள்ளத்துக்குள் பொருந்தும்படி ரோலர் பிளைண்ட் ஆர்டர் கொடுத்தேன். வேலை தொடங்குமுன் நானே அளந்து கொடுத்த அளவு அது. வந்த பிளைண்ட் உள்ளே நுழையவில்லை, இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கிறது. கடையில் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வேலை தொடங்குமுன் அளந்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, பிழை அங்கேதான் இருக்கிறது. ஜன்னல் பள்ளத்தின் பக்கச் சுவர்களிலும் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸின் கனம் 8 முதல் 10 மி.மீ., அதன் பின்னுள்ள பசை மேலும் சில மி.மீ.; இரண்டு பக்கமும் சேர்ந்து இரண்டரை செ.மீ. வரை பள்ளம் சுருங்கிவிடும். பிளைண்டுக்கு அளவெடுப்பது டைல்ஸ்காரர் கிளம்பிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

ஒருவரின் அளவுக்கென்றே வெட்டித் தைத்த பொருளை, மனம் மாறிவிட்டது என்றோ அளவைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றோ திருப்பிக் கொடுக்கும் உரிமை பொதுவாக வாங்குபவருக்கு இருப்பதில்லை. ஆனால் வந்த பொருள் ஆர்டர் சீட்டில் எழுதியதிலிருந்து மாறுபட்டிருந்தால் பொறுப்பு விற்றவருடையது. ஆகவே வாதாடுமுன் சீட்டை எடுத்து, பிளைண்டை அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். நீங்கள் கொடுத்த எண் பள்ளத்தின் அளவா, பிளைண்டின் அளவா என்று அதில் குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பள்ளத்தின் அளவு என்று சொன்னால் தயாரிப்பவர் தாமே ஏறக்குறைய 1 செ.மீ. கழித்துக்கொள்வார், பிளைண்டின் அளவு என்று சொன்னால் சொன்னபடியே வெட்டிவிடுவார். அந்தக் குறிப்பே இல்லாத சீட்டு என்றால், கேட்டு எழுத வேண்டியது கடையின் வேலை அல்லவா என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

சீட்டும் பிளைண்டும் ஒத்துப்போனால் பணத்தை மறந்துவிட்டுப் பொருளைக் காப்பாற்றுங்கள். ரோலர் பிளைண்டின் குழாயையும் துணியையும் கடையிலேயே வெட்டிக் குறைத்துத் தருவார்கள். திரும்ப எடுக்க மறுத்தவர்கள்கூட இதற்கு ஒரு சிறு கூலிக்குச் சம்மதிப்பதுண்டு. அல்லது பள்ளத்துக்கு வெளியே, சுவரின் முகப்பில் பிராக்கெட்டை அடித்து மாட்டலாம். அடுத்த முறை அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் மி.மீ. கணக்கில் அளந்து, மூன்றில் சிறியதைக் கொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இழுப்புச் சங்கிலி இல்லாத வகையையே கேளுங்கள். வளையமாகத் தொங்கும் சங்கிலி குழந்தையின் கழுத்தில் மாட்டி உயிரையே பறித்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி வாங்கிய டவல் ராட், கொக்கி, சோப்புத் தட்டு எல்லாவற்றிலும் இரண்டே மாதத்தில் பழுப்புப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இருக்கலாம், ஆனால் உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். புதுப்பித்த குளியலறைகளில் இதற்கு வேறு இரண்டு காரணங்களையும் பார்க்கிறேன். வேலை நடக்கும்போது கிரைண்டரால் இரும்பை வெட்டியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பறந்துபோய்ப் பளபளப்பான பரப்பில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் அவை துருப்பிடிக்கும். துருப்பது துகளே தவிர ராட் அல்ல. இரண்டாவது, டைல்ஸின் மேல் படிந்த சிமென்ட் மங்கலைப் போக்க ஆட்கள் ஊற்றும் ஆசிட். அதன் ஆவி மூடிய அறையில் சுற்றிச் சுற்றி வந்து, தொடாத உலோகத்தைக்கூட அரித்துவிடும். எல்லாப் பொருள்களிலும் ஒரே நேரத்தில் புள்ளி வந்திருப்பதால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் எழுகிறது.

சமையல் சோடாவை நீரில் குழைத்து மென்மையான துணியால் தேய்த்துப் பாருங்கள். இரும்புப் பிரஷ்ஷோ கம்பி நாரோ கூடவே கூடாது. புள்ளி போய், திரும்ப வராவிட்டால் பொருள் நல்லதுதான். தேய்த்த இடத்தில் ஊசி குத்தியதுபோல் பள்ளம் இருந்து, சில வாரத்தில் மீண்டும் பழுத்தால், தரம் குறைந்தது என்று சந்தேகிக்க இடமுண்டு. குளியலறைக்கு 304 கிரேடு எஃகு போதுமானது. கடற்கரையை ஒட்டிய வீடானால், மாலிப்டினம் சேர்ந்த 316 கிரேடு உப்புக்காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும். நிக்கல் குறைந்த 202 கிரேடும் கடையில் அதே பளபளப்புடன்தான் இருக்கும், துருப்பிடிப்பது அதற்குச் சீக்கிரம். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 202, 304 இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குவதுதான் வழி. எழுதியதற்கு மாறாகப் பொருள் இருந்தால் முறையிட அந்தத் தாள் உதவும். இன்னொன்று, ராட் நல்ல எஃகாக இருந்தும் பெட்டியோடு வரும் திருகாணி சாதா இரும்பாக இருப்பதுண்டு. துரு அங்கிருந்து டைல்ஸின் மேல் கோடாக வழிந்தால் திருகாணியை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: சுவரில் ஒட்டிய புதுக் கண்ணாடியின் ஓரம் கறுக்கத் தொடங்கிவிட்டது. துடைத்தால் போகவில்லை.

பதில்: போகாது. அது முன்பக்க அழுக்கல்ல, பின்பக்க வெள்ளிப்பூச்சு அரிக்கப்படுவது. எதனால் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். ஒட்டும்போது புளித்த காடிபோல் நெடி வந்திருந்தால், அது அசிட்டிக் வகை சிலிக்கான் பசை. உலரும்போது அது விடும் அமிலம் பூச்சை அரிக்கும். கண்ணாடிக்கு நியூட்ரல் வகை சிலிக்கானைத்தான் பயன்படுத்த வேண்டும். கண்ணாடி துடைக்கும் நீர்மத்தை நேரே தெளித்து, அது வழிந்து கீழ்விளிம்பில் தேங்கினாலும் இதே கதிதான். துணியில் தெளித்துத் துடையுங்கள். கறுத்த ஓரத்தை மறைக்க ஒரு மெல்லிய சட்டம் அடிக்கலாம், மீட்க முடியாது.

கேள்வி: வயதான அம்மா டவல் ராடைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார். துளை போடாமல் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் அடியுள்ள கைப்பிடி வாங்கலாமா? புது டைல்ஸில் துளை போட மனம் வரவில்லை.

பதில்: வாங்காதீர்கள். உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடி எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. டைல்ஸின் இடுக்கின் மேல் வைத்தாலோ சோப்புப் படிந்தாலோ காற்றுப் புகுந்து கழன்றுவிடும். டவல் ராட் ஈர டவலைத் தாங்கச் செய்தது, உடல் எடையை அல்ல. சுவருக்குள் திருகாணி இறங்கும் கைப்பிடியை, 32 முதல் 38 மி.மீ. வரை தடிமனுள்ளதாக, சுவருக்கும் அதற்கும் நடுவே கை நுழைய 4 செ.மீ. அளவு இடம் இருக்கும்படி வாங்குங்கள். உயரத்தை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். துளை போடுபவரிடம் வைரத்துகள் பதித்த டைமண்ட் பிட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைல்ஸைத் தாண்டும்வரை டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்து வைத்து, குறியிட்ட இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, நீர் சொட்டவிட்டு மெதுவாகத் துளைத்தால் டைல்ஸ் விரியாது. திருகாணியைப் பிடிக்கும் பிளக்கைச் செருகுமுன் துளைக்குள் சிறிது சிலிக்கானை விட்டுவிட்டால் நீர் சுவருக்குள் இறங்காது.